விதி முப்பத்தெட்டும் என் ராஜினாமாவும்

ஸாமோஷ்ச்,
மார்ச் 12, வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் தியோஃபில் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட லூட்விக் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் ப்ரோன்யாவும் நலம். லூப்ளினில் நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை, ஆனால் அது பனி உருகும் காலத்தில் எப்போதும் இப்படித்தான். போன வாரம் உங்கள் பெயர்கொண்ட புனிதரின் நாளுக்கு நான் வாழ்த்து அனுப்பாததை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ப்ரோன்யா அனுப்பிய கசகசா கேக் வந்து சேர்ந்திருக்கும். அதில் ஒரு மூலை குறைந்திருந்தால் தபால்காரரைச் சந்தேகிக்க வேண்டாம், அது நான்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். மச்சான், ஜூன் மாதத்தோடு நான் வேலையை விடுகிறேன். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். முப்பத்தைந்து வருடம் பூகோளம் நடத்திய மனிதனை, பதினாறு வயதுப் பெண் ஒருத்தி வகுப்பில் நிற்க வைத்துச் சட்டம் பேசினாள். ஒன்று அவளுடைய நடத்தை மதிப்பெண் இரண்டு படி இறங்க வேண்டும், இல்லை நான் பள்ளியைவிட்டு இறங்க வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன். மதிப்பெண் இறங்கினால் அவளுக்கு ஆண்டு முடிவில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட சிறப்புச் சான்றிதழ் கிடைக்காது. படிப்பில் வகுப்பிலேயே முதல் பெண். எனக்கும் அது தெரியாமல் இல்லை. நாளை வெள்ளிக்கிழமைக்குள் நான் முடிவு சொல்லியாக வேண்டும். நீங்கள் முப்பது வருடம் பள்ளி ஆய்வாளராக இருந்தவர், உங்கள் ஒரு வரிக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. அதனால்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

எல்லாம் அந்த அதிர்ஷ்ட எண்ணால் வந்தது. நீங்கள் அலுவலகத்திலேயே இருந்தவர், இந்தக் கூத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். தினமும் காலையில் மாணவர் சங்கத்துப் பிள்ளைகள் ஒரு டப்பாவில் கைவிட்டு ஒரு எண்ணை எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். வருகைப் பதிவேட்டில் யாருக்கு அந்த எண்ணோ, அவர்களை அன்று எந்த ஆசிரியரும் எழுப்பிக் கேள்வி கேட்கக் கூடாது. இந்த வழக்கம் முதலில் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் மழையும் வெயிலும் மாதிரி எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. போன திங்கட்கிழமை எண் பதினேழு. பதினேழு யாகோடா, நான் சொன்ன அந்தப் பெண். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் அவள் ஏதோ பேசிச் சிரிக்கிற சத்தம். திரும்பாமலேயே, "பதினேழு, எழுந்து வா, ஏரிகள் எப்படி உண்டாகுதுன்னு சொல்லு" என்றேன்.

அவள் எழுந்தாள். வரவில்லை.

"சார், இன்னிக்கு அதிர்ஷ்ட எண் பதினேழு."

"என் வகுப்புல யாருக்கு அதிர்ஷ்டம்னு நான்தாம்மா முடிவு பண்ணுவேன்."

"அது விதிப்புத்தகத்துல இருக்கு சார். விதி நாப்பத்திரெண்டு."

"ஓகோ! இப்படி எழுந்து நின்னு எனக்குப் பாடம் நடத்தலாம்னும் இருக்கோ?"

"இருக்கு சார். விதி முப்பத்தெட்டு. ஆசிரியருக்குப் பிடிக்காவிட்டாலும் மாணவர் தன் கருத்தை மரியாதையோடு சொல்லலாம். நான் மரியாதையாத்தானே சார் சொல்றேன்?"

மரியாதையாகத்தான் சொன்னாள், அதுதான் வயிற்றெரிச்சல். வகுப்பு முழுவதும் கைதட்டியது. கடைசி பெஞ்சில் ஒருவன் விசிலே அடித்தான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அங்கேயே கணினியைத் திறந்து, பெற்றோர் எல்லோரும் பார்க்கிற இணையப் பதிவேட்டில், அவள் பெயருக்கு நேராக, "பாட நேரத்தில் சட்டம் பேசுகிறாள்" என்று குறிப்பு எழுதிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் அவள் அப்பாவிடமிருந்து பதில். "ஐயா, வீட்டுலயும் இப்படித்தான். நீங்க ஏதாவது வழி கண்டுபிடிச்சா தயவுசெய்து எங்களுக்கும் சொல்லுங்க." இப்படிப்பட்ட அப்பாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ப்ரோன்யாவிடம் சொன்னால் ஆறுதல் கிடைக்கும் என்று சொன்னேன். அவள் முட்டைக்கோஸ் நறுக்குவதை நிறுத்தாமலேயே, "கல்யாணம் ஆன நாள்லேருந்து வீட்டுல நான் பேசறதை நீங்க கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க, அங்க மட்டும் என்ன குறைஞ்சு போச்சு?" என்றாள். உங்கள் தங்கை, நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

அடுத்த நாள் அதே வகுப்புக்குப் போனேன். ஒரு சத்தம் இல்லை. "காலை வணக்கம்" என்றேன், முப்பது பேரும் எழுந்து தலையை மட்டும் அசைத்தார்கள். கேள்வி கேட்டால் நோட்டில் எழுதிக் காட்டினார்கள். சரி, ஒரு குறிப்புக்கே இவ்வளவு பலனா, இதை நான் முப்பத்தைந்து வருடம் முன்பே செய்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரே குஷி. வரைபடத்தை இழுத்து மாட்டினேன், ஆப்பிரிக்காவின் ஆறுகளை ஆரம்பித்தேன். மச்சான், நான் பாடம் நடத்தும்போது படத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பிள்ளைகளைத்தான் பார்ப்பேன், குச்சி தானாக இடத்தைக் கண்டுபிடிக்கும், அது பழக்கம். அன்று பார்த்துத் தலைமையாசிரியை கொர்னேலியா அம்மையார் பாடம் கவனிக்க வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்கு இன்னும் உற்சாகம். நைல் நதியை அது பிறந்த இடத்திலிருந்து கடலில் கலக்கிற இடம்வரை குச்சியால் கொண்டுபோய்ச் சேர்த்தேன். காங்கோவை விடவில்லை. பிள்ளைகள் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்கள். இருபது நிமிடம் கழித்து அம்மையார் எழுந்து, மிகவும் அன்பாக, "லூட்விக் சார், வகுப்பு என்னமா அமைதியா இருக்கு! ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நைல் நதி எப்ப பிரேசிலுக்குக் குடிபோச்சு?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். மாட்டியிருந்தது தென் அமெரிக்கா.

அந்த நேரத்தில்கூட யாரும் சிரிக்கவில்லை, மச்சான். சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். யாகோடாவைப் பார்த்து, "உனக்குத் தெரிஞ்சுதா, இல்லையா?" என்று கேட்டேன். அவள் நோட்டை எடுத்தாள். "வாயைத் திறந்து சொல்லும்மா!" என்றேன்.

"மொதல்லயே தெரிஞ்சுது சார்."

"அப்ப ஏன் சொல்லலை?"

"சொன்னா பதிவேட்டுல ஏறும் சார். சான்றிதழ் போயிடும்."

இதை அவள் குறும்பாகச் சொல்லியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை இன்னும் சூடாக எழுதியிருப்பேன். அவள் பயந்துபோய்ச் சொன்னாள். அது என்னை ஏதோ செய்தது, ஆனால் அதை அப்போது காட்டிக்கொள்ளவில்லை. விறைப்பாகப் படத்தைச் சுருட்டினேன், அது பாதியில் கையைவிட்டு நழுவிப் படாரென்று மறுபடி விரிந்து என் கண்ணாடியைத் தட்டிவிட்டது.

நேற்று ஆசிரியர் கூட்டம். நான் விடவில்லை. நைல் நதி வேறு, ஒழுக்கம் வேறு என்று வாதாடினேன். வகுப்பு என்றால் அங்கே ஒரு குரல்தான் ஓங்கி இருக்க வேண்டும், விதி முப்பத்தெட்டு போன்ற பைத்தியக்காரத்தனத்தை எந்த மடையன் எழுதினானோ அவனை ஒரு நாள் என் வகுப்பில் கொண்டுவந்து நிறுத்தினால்தான் அவனுக்குப் புத்தி வரும் என்று மேசையைத் தட்டிப் பேசினேன். நல்ல பேச்சு, நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கொர்னேலியா அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பீரோவிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்துவரச் சொன்னார். தொண்ணூற்றிரண்டாம் வருடம் பள்ளிக்குப் புது விதிகள் எழுதினார்களே, அதன் முதல் படி. தட்டச்சில், "மாணவர் தன் கருத்தை மரியாதையோடு சொல்லலாம்" என்று இருந்தது. அதற்கு முன்னால், ஓரத்தில், பச்சை மையில், "ஆசிரியருக்குப் பிடிக்காவிட்டாலும்" என்று கையால் சேர்த்திருந்தது. கீழே கையெழுத்து. அந்தக் கையெழுத்தை நான் தினமும் பார்க்கிறேன். என்னுடையது.

கணக்கு வாத்தியார் தேநீர் புரையேறி வெளியே ஓடினார்.

எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, உங்களிடம் மறைப்பானேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, நல்ல வாக்கியம் அது. இருபத்தெட்டு வயதில், கம்யூனிஸ்ட் ஆட்சி போய் எங்கள் வாயெல்லாம் அப்போதுதான் திறந்திருந்த காலத்தில், இரவல் பேனாவால் எழுதியது. ஆனால் நான் சமாளித்துக்கொண்டேன். "அம்மா, இதை எழுதுனவன் ஒரு சின்னப் பையன். அவனுக்கு ஒரு வகுப்பை அடக்கத் தெரியாது. அவன் பேச்சைக் கேட்டு நான் ஏன் நடக்கணும்?" என்றேன். அம்மையார், "அப்ப நாளை மறுநாளைக்குள்ள நீங்களும் அந்தப் பையனும் உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்க. குறிப்பை எடுத்தா எடுங்க, வச்சா அவ நடத்தை மதிப்பெண்ணை ஆசிரியர் ஓட்டெடுப்புக்கு விட்டுடறேன்" என்று கூட்டத்தை முடித்துவிட்டார்.

நான் முடிவுக்கு வந்துவிட்டேன். குறிப்பு இருக்கும். ஓட்டெடுப்பில் தோற்றால் நான் போவேன். ஆகவே நீங்கள் உங்கள் பழைய பதவிப் பெயர் போட்ட தாளில், ஆசிரியரின் அதிகாரம் என்பது பள்ளியின் முதுகெலும்பு என்கிற மாதிரி நாலு வரி எழுதி, ஓட்டெடுப்புக்கு முன் வந்து சேரும்படி உடனே அனுப்பி வைக்கவும். இதில் நான் ஒரு அங்குலமும் பின்வாங்கப் போவதில்லை. உங்களுக்கும் வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பு. உங்கள் ரத்த அழுத்தம் அடங்கி இருக்கவும், தோட்டத்து ஆப்பிள் மரங்கள் உறைபனிக்குத் தப்பவும் கடவுளை வேண்டுகிறேன்.

அசையாத உறுதியுடன்,
லூட்விக்

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை மத்தியானம்): தபாலில் போடுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. எங்கள் பள்ளியில் வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகள் ரகசிய வாக்குப் போட்டு ஓர் ஆசிரியரை மாணவர் உரிமைக் காவலராகத் தேர்ந்தெடுப்பார்கள். யாராவது ஆசிரியர் அநியாயம் செய்தால் அவரிடம்தான் புகார் கொடுக்க வேண்டும். இன்று காலை எண்ணினார்கள். முந்நூற்று நாற்பதில் இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கு எனக்கு. நான் போட்டியிலேயே இல்லை, மச்சான்! யாகோடாதான் வகுப்பு வகுப்பாகப் போய் எனக்காகப் பேசியிருக்கிறாள். கூப்பிட்டு, "என்னம்மா, கிண்டலா?" என்று கேட்டேன். "இல்ல சார். மத்தவங்க நாங்க என்ன சொன்னாலும் 'சரி சரி'ன்னுட்டுப் போயிடுவாங்க. நீங்க ஒருத்தர்தான் சண்டைக்கு வர்றீங்க. அப்பதான் நாங்க சொன்னது ஒருத்தர் காதுல விழுந்துச்சுன்னு தெரியுது" என்றாள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு, ஜலதோஷம் என்று சொல்லிவிட்டேன். காவலராக இருப்பவர் வேலையை விட முடியாது, அதனால் ராஜினாமா இல்லை. அந்தக் குறிப்பைப் பற்றி முதல் புகாரும் வந்துவிட்டது. புகார் கொடுத்தவர் யாகோடா, குற்றம் சாட்டப்பட்டவர் நான். பதில் எழுத எனக்கு இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். காவலர் என்கிற முறையில் மறுத்துவிட்டேன். குறிப்பை அழித்தேன். அதைச் சொல்லலாம் என்று போனால் அவள், "நன்றி சார், ஆனா விசாரிக்காமயே அழிச்சது விதிப்படி தப்பு" என்கிறாள். அதெப்படித் தப்பாகும் என்று நான் ஆரம்பிக்க, அவள் புத்தகத்தைப் பிரிக்க, நடைபாதையில் நின்றபடியே இருவரும் சண்டை பிடித்துக்கொண்டோம். இந்தப் பள்ளியில் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை வருடம் ஆகிறது தெரியுமா? மணி அடித்தது எங்களுக்குக் கேட்கவில்லை. அடுத்த வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன். அதற்கு ஒரு புகார் வந்திருக்கிறது, திங்கட்கிழமை என்னை நானே விசாரிக்கிறேன்.