ஆறு மணித் தண்டவாளம்

"மணி எட்டரை. சோத்தை மூண்டு தரம் சுட வைச்சிட்டன்," என்றாள் வாகீஸ்வரி.

மகாதேவா இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "செக்ரோல் முடியேல்லையப்பா..."

"செக்ரோல் முடியாது. நான்தான் முடிஞ்சு போவன்."

மலாயா ரப்பர் தோட்டமொன்றில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர், அவர். முந்நூறு பால்மரத் தொழிலாளிகளின் அன்றைய வரவைச் செக்ரோல் பேரேட்டில் பதிந்து முடிக்காமல் எழுந்ததில்லை. மூன்று மாதத்துக்கு முன் பிறந்த பிள்ளை இருபது நாளில் போய்விட்டது. அன்றுகூட மத்தியானத்துக்கு மேல் ஆபீஸுக்குப் போய்விட்டு வந்தார். அதன்பின் வாகீஸ்வரி அந்த வீட்டில் சுவரோடுதான் பேசிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமைக்கிடையிலை ஒரு நாள், ஒரேயொரு நாள், ஆறரைக்கு முன்னம் வந்து என்னோடை இருந்து சாப்பிடுங்கோ. இல்லாட்டி நான் கோலா சிலாங்கூருக்கு அண்ணை வீட்டை போறன்."

சொன்னதைச் செய்கிறவள்.

மகாதேவா விடிய விடிய யோசித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகாவிட்டால் செக்ரோலை மாலைக்குள் முடித்துவிடலாம். ஆனால் ஆறு மணித் தண்டவாளம் அடிக்கும்வரை ஆபீஸைப் பூட்டக் கூடாது என்பது சீமைக்கு லீவில் போயிருந்த துரை விட்டுச்சென்ற உத்தரவு. அடித்தபின் வீட்டுக்குக் கால் மணி நடை. யாராவது வழியில் மறித்தால் ஆறரை தாண்டிவிடும். மறிப்பவர்கள் பொழுது சாயும்போதுதான் வழியில் நிற்பார்கள்; அதற்கு அரை மணி முந்தி நடந்தால் பாதை வெறுமையாக இருக்கும்.

தோட்டத்துக்கு மணியாக ஒரு தண்டவாளத் துண்டு ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே தொங்கியது. காவல்காரன் முருகையா ஜன்னல் வழியாகக் கடிகாரத்தைப் பார்த்து, காலை ஐந்துக்கும் மாலை ஆறுக்கும் அதை அடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை காலை, யாருமில்லாத நேரத்தில், மகாதேவா ஆபீஸ் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார். பையிலிருந்த கடிகாரத்தையும் தள்ளினார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வாகீஸ்வரி துருவுவாள் என்று, மத்தியானம் ஆள் விட்டு வீட்டுக் கடிகாரத்தையும் தள்ளச் சொன்னார். 'ஆபீஸ் மணியோடு சேர்த்து வை' என்று மட்டும் வாகீஸ்வரிக்குச் சொல்லியனுப்பினார். அவளுக்குப் பொய் சொல்ல வராது. உண்மை தெரிந்தால் யாராவது கேட்ட உடனே சொல்லிவிடுவாள்.

அன்று தண்டவாளம் அடித்தபோது கடிகாரம் ஆறரை காட்டியது.

'தூங்கிவிட்டான் பாவி,' என்று நினைத்துக்கொண்டார். திட்ட முடியுமா? ஏன் பிந்தினாய் என்று கேட்டால், கடிகாரத்தைத் தொட்டது யார் என்ற கேள்வி வரும்.

வீட்டுக் கடிகாரம் ஆறே முக்கால் காட்டியது.

"கால் மணித்தியாலம்தானே பிந்தினது," என்றார்.

"மத்தியானமும் வரேல்லை. இப்பவும் பிந்தி," என்றாள். சோற்றில் நீராவிகூட இல்லை.

சோம்பேறி அரை மணி பிந்தினால் நாம் ஒரு மணி முந்துவோம் என்று, புதன்கிழமை கடிகாரங்கள் இன்னும் அரை மணி நகர்ந்தன. தண்டவாளம் சரியாக ஏழுக்கு அடித்தது.

மகாதேவா வெளியே வந்தார். "முருகையா, உடம்புக்குச் சுகமில்லையோ?"

"கல்லு மாதிரி இருக்கேங்கய்யா."

"கண் எப்பிடி?"

"இருட்டுல பாம்பு போனாக்கூடச் சொல்லிருவேன். ஏங்கய்யா, எங்கயாச்சும் பாம்பா?"

"ஒண்டுமில்லை. நீ போ."

அந்த வாரம் முழுக்க மழை மூட்டம். நாலு மணிக்கே வீட்டுக்குள் விளக்கு வேண்டியிருந்தது. வானத்தைப் பார்த்துப் பொழுது சொல்ல வாகீஸ்வரியால் முடியவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைத்தான் பார்த்தாள். புதன்கிழமை அவர் வந்தபோது அது ஏழேகால் காட்டியது. அவள் தனியாகச் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

வியாழக்கிழமைக்கு ஒன்றரை மணி. வீட்டுக் கடிகாரத்தை நம்பி எழுந்த மகாதேவா, குளிக்காமல், கோப்பி குடிக்காமல் ஓடி, ஆள்கூட்டும் திடலில் தன்னந்தனியாக நின்றார். வெகுநேரம் கழித்துக் கைவிளக்கோடு வந்த வேலைக் கங்காணி, மண்டோர் தங்கராஜு, திடுக்கிட்டார்.

"யாரது? கிராணி ஐயாவா! என்னங்க, வீட்டுல தொரத்திட்டாங்களா?"

"இன்னும் இல்லை," என்றார் மகாதேவா.

அன்று மாலை ஏழரைக்குத் தண்டவாளம் அடித்ததும் வீட்டுக்கு ஓடினார். ஓடியதில் கால்வாயில் விழுந்தார். சேறும் அட்டையுமாக வாசலில் நின்றவரை வாகீஸ்வரி மேலும் கீழும் பார்த்தாள். ஒரு துவாயை நீட்டினாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை. இரண்டு மணி தள்ளியாயிற்று. செக்ரோல் முடிந்து, மேசை துடைத்து, குடையைக் கையில் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஆறு ஆயிற்று. ஏழு ஆயிற்று. எட்டுக்கு அடித்தது தண்டவாளம்.

வீட்டில் தகரப் பெட்டி கட்டி வைத்திருந்தது.

"இஞ்சாரும், நான் சொல்லுறதைக் கேளும்..."

"எட்டேகால்," என்றாள் கடிகாரத்தைக் காட்டி. "நான் உங்களிட்டை நகை கேட்டனானே? ஒரு நாள் கேட்டன். ஒரு நேரச் சோறு." குரல் உயரவேயில்லை. "அந்தப் பிள்ளைக்கும் நேரமில்லை, எனக்கும் நேரமில்லை. செக்ரோலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுங்கோ."

சனிக்கிழமை காலை மாட்டு வண்டி கோலா சிலாங்கூர்ப் பாதையில் போயிற்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலையும் கடிகாரம் எட்டு காட்டியபோதுதான் தண்டவாளம் அடித்தது. இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? மகாதேவா ஜன்னலில் தலையை நீட்டினார்.

"முருகையா, உண்மையைச் சொல்லு. மணிக்கூட்டைத் தள்ளி வைச்சது நான்தான். ரெண்டு மணித்தியாலம். ஆரிட்டையும் சொல்லாதை. ஆனா எவ்வளவு தள்ளினாலும் நீயும் அவ்வளவு பிந்தியெல்லோ அடிக்கிறாய், ஏன்?"

முருகையா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"மன்னிச்சுக்கணும்யா, எனக்கு மணி பாக்கவே தெரியாது, பக்கத்து மலாய்க்காரங்க கம்பத்துச் சூராவ்ல காலையிலயும் பொழுது சாயவும் தொழுகைக்கு மேளம் தட்டுவாங்கல்ல, பதினோரு வருசமா அதக் கேட்டுத்தான் அடிக்கிறேன், இந்த வாரம் பூராவும் ஆறுக்குத்தான் அடிச்சேன், இப்பவும் மணி ஆறுதாங்க ஆவுது."