வெறுந்தோணியில் வந்த ஒரு மூடை

தூத்துக்குடி,
19-1-1946

கொழும்பில் கடை வைத்திருக்கும் மச்சான் ராஜதுரை அவர்கள் சமூகத்துக்கு, அவர்கள் தங்கை புருஷன் எபனேசர் வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் உங்கள் தங்கை ஜீவமணியும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை போனது. பொய் எழுதக் கூடாது என்று நிறுத்திக்கொண்டேன். அங்கே மதினியும் பிள்ளைகளும் சுகந்தானே? நீங்கள் அனுப்பிய தேயிலை வந்து சேர்ந்தது. கூடவே அனுப்பிய அல்ஜீப்ரா புத்தகமும் வந்து சேர்ந்தது. தேயிலைக்கு நன்றி.

மச்சான், முப்பத்தைந்து வயதில் மெட்ரிகுலேஷன் எழுதுகிறேன் என்று உங்கள் தங்கை கிளம்பியபோது, எல்லாம் நாலு நாள் கூத்து என்று நினைத்து நான் சிரித்தது வாஸ்தவம். இப்போது சிரிப்பு வரவில்லை. பாஸானால் பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் தருவார்களாம், இரண்டு வருஷம் அங்கேயே ஹாஸ்டலில் இருக்க வேண்டுமாம். பரீட்சைப் பாரத்தில் புருஷன் கையெழுத்து வேண்டும். பத்து நாளாக அந்தப் பாரம் பைபிளுக்குள் இருக்கிறது, இருபத்தைந்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், நான் இன்னும் போடவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். இந்த வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.

படித்ததை யாருக்காவது சொல்லிக்கொடுத்தால்தான் அவளுக்கு மனசில் நிற்குமாம். அவளை விட்டால் வீட்டில் யார் இருக்கிறார்கள்? நான்தான். நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சிலேட்டோடு வந்துவிடுவாள். இரண்டின் தலையில் பொடியாக மூன்று போட்டால் எட்டாம், சரி. இரண்டு போட்டால் நாலாம், சரி. ஒன்று போட்டால் இரண்டாம், அதுவும் சரி, வரிசையாகப் பாதி பாதியாகக் குறைகிறது, இருபத்திரண்டு வருஷம் மூடை எண்ணியவனுக்கு இது தெரியாதா? சைபர் போட்டால் என்ன என்றாள். சைபர்தான் என்றேன். ஒன்று என்கிறாள்! உடனே ரேஷனில் கிடைத்த என் ஒரே நல்ல வேட்டியை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டாள். "ஒரு மடிப்புக்கு ரெண்டு அடுக்கு, ரெண்டு மடிப்புக்கு நாலு, மூணு மடிப்புக்கு எட்டு. மடிக்கவே இல்லன்னா எத்தன அடுக்கு?" மடிக்காவிட்டால் சைபர் என்றேன், என் கட்சியை விடாமல். "அப்போ இப்ப நீங்க உடுத்தியிருக்கது என்னது?" என்றாள். பக்கத்து வீட்டு மெட்டில்டா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தது எனக்குக் கேட்டது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் துறைமுகத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், தோணிகள்தான் சரக்கைக் கொண்டுவரும், ஒவ்வொரு தோணியிலும் எத்தனை மூடை என்று எண்ணி எழுதுவது என் உத்தியோகம் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு, தோணி ஓட்டும் தண்டல் செந்தூர்பாண்டியின் தோணி சரக்கே இல்லாமல் சும்மா திரும்பியது. சைபர் போட வேண்டிய இடத்தில், பாழாய்ப் போன கை, ஒன்று என்று எழுதிவிட்டது. அவ்வளவுதான், அந்த ஒரு மூடையைக் கம்பெனி மூன்று நாள் தேடியது. சரக்குக் கிட்டங்கியைப் புரட்டினார்கள், தோணியின் பலகையைப் பெயர்த்தார்கள், தண்டல் படகுத் துறையிலேயே நின்று, "ஏ அண்ணாச்சி, வெறுந்தோணில மூடை எங்கன இருந்து வந்திச்சி? நா என்ன முழுங்கிட்டு ஏப்பமா விட்டேன்?" என்று ஊர் கூடக் கத்தினான். மேனேஜரிடம் போய், ஐயா, எதுவாயிருந்தாலும் தலையில் சைபர் வைத்தால் ஒன்றுதான் என்று விளக்கினேன். அவர் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, இரண்டு நாள் லீவு எழுதிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் இவள், "தலையில சைபர் இருந்தாத்தான் ஒண்ணு. வெறுஞ் சைபர் சைபர்தான். ரெண்டையும் ஏன் போட்டுக் கொளப்புதீங்க?" என்கிறாள். இதை முந்தின நாளே சொல்லியிருக்கலாமா இல்லையா?

லீவில் வீட்டில் இருந்தது அதைவிட மோசம். சைபருக்குக் கீழேயும் பாடம் இருக்கிறதாம்! இரண்டின் தலையில் மைனஸ் மூன்று. மைனஸ் என்றால் இல்லாதது, இல்லாததற்குக் கீழே என்ன இருக்கும் என்று கேட்டேன். "இல்லாதது இல்ல, பங்கு போடுதது" என்று சொல்லி, நான் ஆசையாக வாங்கி வந்த சீலா மீனை நடுவில் வெட்டினாள். "மைனஸ் ஒண்ணு, அரை. மைனஸ் ரெண்டு, கால். மைனஸ் மூணு?" காலில் பாதி அரைக்கால் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சின்ன வயதில் பிரம்படி பட்டுப் படித்த வாய்ப்பாடு அல்லவா? அவளுக்கு ஒரே சந்தோஷம். சந்தோஷத்தில் எட்டுத் துண்டில் ஆறை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாள். என் இலையில் விழுந்தது அரைக்கால் மீன். அதுவும் வால்.

முடியவில்லை, மச்சான். ஆள் சோர்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாடம் புரியாதது கூடப் பெரிசில்லை. இவள் போய்விட்டால் சாயங்காலம் அந்தக் கதவைத் திறந்துகொண்டு எப்படி உள்ளே போவேன் என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் சொன்னால் கேட்பாள். படித்தது போதும், புத்தகத்தைக் கட்டி வை என்று அண்ணன் கைப்பட ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் எழுதியதாகவே இருக்கட்டும், நான் கேட்டதாகத் தெரிய வேண்டாம்.

மதினிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் கடையும் குடும்பமும் குறைவில்லாமல் இருக்க, ஜெபத்தில் தினமும் உங்களை நினைக்கும்,

தங்கள் மைத்துனன்
எபனேசர்

பின்குறிப்பு: கடிதத்தைக் கவரில் போட மடித்தேன். ஆபீஸ் தாள், பெரிசு. ஒரு மடிப்பு, இரண்டு, இன்னொன்று, நாலு, இன்னொன்று, எட்டு. தடித்துப்போய்க் கவருக்குள் போகவில்லை. பிரித்தேன். நாலு, இரண்டு. கடைசி மடிப்பையும் பிரித்தால் கையில் தாள் அப்படியே இருக்கிறது, ஒன்று. அட, இதைத்தானே அவள் ஒரு வாரமாகக் கத்தினாள்! பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இந்தக் கடிதத்தைப் போடும்போதே அதையும் பரீட்சை ஆபீசுக்குத் தபாலில் சேர்க்கிறேன். மேலே நான் எழுதியதை நீங்கள் படிக்கவே இல்லை. அவளுக்கு எழுதினால், நன்றாகப் படி என்று எழுதுங்கள். சனிக்கிழமை மத்தியான ரயில் வண்டியில் நான் ஏறி மணியாச்சியில் மாறினால் சாயங்காலம் திருநெல்வேலி, அங்கிருந்து பாளையங்கோட்டை பக்கந்தான். ஞாயிறு ஆராதனை முடிந்து ஹாஸ்டலில் ஒரு மணி நேரம் பார்க்க விடுவார்களாம். விசாரித்துவிட்டேன். விசாரித்து இரண்டு மாசம் ஆகிறது.