கடல்பாசியும் ஒரு கடைவாய்ப் பல்லும்

சாறு பிழியும் மனிதர்களை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. வேலியோரம் பச்சையாக எதைக் கண்டாலும் ஓர் இலையைக் கிள்ளி, கசக்கி, முகர்ந்து, நம் மூக்கருகிலும் நீட்டி, "இதை நாலு நாள் கொப்புளிங்க சார், பல்லுல ஒரு கிருமி நிக்காது" என்பார்கள். நாம் கேட்டோமா? இல்லை. நமக்குப் பல்வலியா? அதுவும் இல்லை. பல்வலி அவர்களுக்குத்தான்.

எங்கள் புதுப்பட்டினம் குடியிருப்பில் இந்த இனத்தின் சிகரம் ஹரிஹரன். அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை என்றால் விஞ்ஞானி என்று நினைத்துவிடாதீர்கள், தபால் பிரிவு. அவருடைய கடைவாய்ப் பல்லில் ஒரு மிளகு உட்காரும் அளவுக்குச் சொத்தை. பல் டாக்டர் ஜாய்ஸ் தெளிவாகவே சொன்னார்: "பத்து நாளுக்குள்ள அடைச்சா பல் நிக்கும். விட்டா பிடுங்கணும்."

ஹரிஹரன் அந்தப் பத்து நாளையும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்.

வேப்பிலை, கொய்யா இலை, கிராம்பு, நாயுருவி வேர், யாரோ வீட்டு வாசலில் அழகுக்கு வைத்திருந்த ஏதோ ஒரு செடி என்று அகப்பட்டதையெல்லாம் மிக்ஸியில் போட்டு அடித்து, வடிகட்டி, பாட்டில் பாட்டிலாக ஃப்ரிட்ஜில் அடுக்கினார். பாலுக்கு இடமில்லை. அவர் மனைவி கல்யாணி தயிரைப் பக்கத்து வீட்டு ஜெய்புன்னிசாவின் ஃப்ரிட்ஜில் வைத்து வாங்கினார்.

சாறு தயார். கொல்வதற்குக் கிருமி வேண்டுமே? ஆய்வுக்கூடங்களில் கிருமி வளர்ப்பது கடல்பாசிக் கூழில் என்று எங்கோ படித்திருந்தார். நோன்பு மாதம். வீட்டுக்கு வீடு கடல்பாசி இனிப்பு உறைய வைக்கும் நேரம். பக்குவத்தை ஜெய்புன்னிசாவிடமே போய்க் கேட்டார்.

"இன்னா சார், உங்க வூட்லயும் நோம்பு வச்சிகினு கீறீங்களா?"

"இல்லம்மா, ஒரு ஆராய்ச்சி."

அவர் சொன்னபடியே காய்ச்சி, கிருமிக்குப் பிடிக்குமே என்று சர்க்கரை கூட்டி, பார்சல் டப்பாவில் ஊற்றி, சொத்தைப் பல்லைக் குடைந்த பஞ்சுக் குச்சியை அதன்மேல் தடவி, அரிசி டிரம் மேல் மூடி வைத்தார். பெயர் எழுதி ஒட்டவில்லை. ஒட்டினால் கல்யாணி தூக்கி எறிந்துவிடுவார் அல்லவா?

ஒன்பதாம் நாள் மாலை ஜெய்புன்னிசா வீட்டிலிருந்து கடல்பாசி வந்தது. அதே மாதிரி பார்சல் டப்பா. ஃப்ரிட்ஜில் இடமேது? கல்யாணி அதையும் டிரம் மேலேயே வைத்தார்.

ஹரிஹரன் ஒரு டப்பாவில் கொய்யாச் சாற்றைச் சொட்டி, கால் மணி நேரம் கழித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். பளிங்கு! ஒரு கிருமி இல்லை! உடனே குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் அறிவித்தார். முப்பத்தெட்டு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். வெற்றியைக் கொண்டாட இன்னொரு டப்பாவைத் திறந்து வழித்துச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை டப்பா வாங்க வந்த ஜெய்புன்னிசாவிடம், ஒரு பக்கம் வீங்கிய கன்னத்தோடு, "இனிப்பு பிரமாதம்மா, மேல தூவியிருந்த கசகசாதான் கொஞ்சம் புளிச்சுது" என்றார்.

"கசகசாவா? நான் அத்தெல்லாம் போடறதே இல்லியே சார்!"

கல்யாணி டிரம்மைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். "ஐயோ, எதைங்க தின்னீங்க?"

அப்போதும் ஹரிஹரன் அசரவில்லை. "என் வாய்க் கிருமிதானே? ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வந்திருக்கு" என்றார்.

பத்தாம் நாள் அது. பல்லை அடைக்கப் போயிருந்தால் பிழைத்திருக்கும். வெற்றியை அறிவித்துவிட்டு எந்த முகத்தோடு போவது என்று இருந்துவிட்டார். பதினான்காம் நாள் ஜாய்ஸ் பிடுங்கினார். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது, நல்ல பல். அறிவிப்பை மட்டும் அவர் திருத்தவே இல்லை. குடியிருப்பில் இன்று ஒரு கொய்யா மரத்திலும் கைக்கு எட்டும் உயரத்தில் இலை கிடையாது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் நாக்கு நைசாகப் போய் ஒரு பல்லைத் தடவிப் பார்த்ததே, அந்தப் பல்லுக்கு டாக்டர் எத்தனை நாள் கெடு கொடுத்தார்? உங்கள் சட்டைப் பையிலிருந்து கிராம்பு வாசம் வேறு வருகிறது.