டக்குப் பெட்டிக்கு எதிராளி தேவை

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலேயே, தன்னைத் தோற்கடிக்க ஆள் தேடி அலைந்த ஒரே உத்தியோகத்தர் எங்கள் டக்கு கண்டாக்குதான். மற்றவர்கள் எல்லாரும் அதற்கு நேர்மாறான வேலையில் மும்முரமாக இருந்தார்கள்.

அட்டனுக்கும் வட்டவளைக்கும் நடுவே, மழை எப்போது தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லாத ஒரு தோட்டம். அங்கே நான் பெரிய கிளாக்கர். அவர் மலையில் கொழுந்தெடுப்பையும் கவ்வாத்தையும் மேற்பார்க்கும் கண்டாக்கு. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை.

மனிதருக்குப் பூசி மெழுகத் தெரியாது. கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பனார் பந்தியருகே வந்து, "சாப்பாடு எப்பிடிங்க?" என்று கைகூப்பினால், இவர் இலையை ஒருமுறை ஆராய்ந்துவிட்டு, "ரசம் நல்லாருக்கு. சாம்பார்ல பருப்பு வேகல" என்பார். திருவிழா நாடகத்தில் ராஜா வேஷம் கட்டிய ஸ்டோர்கீப்பர் தன் நடிப்பைப் பற்றி ஆசையாகக் கேட்டார். "வசனம் மறந்துபோச்சே, அந்த எடம் மட்டும் இயற்கையா இருந்துச்சு" என்று பதில் வந்தது. ராஜா அடுத்த வருஷம் திரை இழுக்கப் போய்விட்டார்.

நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கண் பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போன கண்டாக்கு, கண்ணாடிக்குப் பதிலாக ஓர் அட்டைப் பெட்டியுடன் இறங்கினார். உள்ளே ஒரு கறுப்புப் பெட்டி, வயரில் தொங்கும் இரண்டு திருகுகள். திருகைத் திருப்பினால் ஒரு கோடு மேலும் கீழும் போகும். எதிரே இன்னொரு கோடு. நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. புள்ளி கோட்டில் படும்போதெல்லாம் 'டக்' என்று சத்தம். பெட்டிக்கும் அவருக்கும் ஒரே நாளில் பெயர் வைத்து முடித்தார்கள்.

புறக்கோட்டைக் கடைக்காரன் சொன்னது பெட்டியின் விலையை மட்டும்தான். கோடும் புள்ளியும் தெரிய வேண்டிய டிவி தனி என்பது அவருக்கு வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்த பிறகே தெரிந்தது.

"அட்டையில டிவி படம் போட்டிருந்துச்சுங்களே, கிளாக்கரையா!"

"அட்டையில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பமும் இருக்கிறது. அதுவும் உள்ளேயா இருந்தது?" என்றேன்.

அட்டனில் தவணைக்கு டிவி வாங்கினார். டிவி வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கான வழிமுறையை நான் விளக்கினேன். கோட்டர்ஸில் புதிய பிளக் போடத் தோட்ட மானேஜரான துரையின் ஒப்புதல் வேண்டும். உரிய வழியில் விண்ணப்பிக்கும் முறையையும் நானே விளக்கினேன். டிவிக்காரன் இவர் தலையில் கட்டிய ஏரியலை மலை உச்சியில் நட நாலு பேர் மூங்கில் சுமந்தார்கள். பெட்டி விளையாட ஏரியலே தேவையில்லை என்பது, கம்பம் நட்டு, எல்லாரும் தேநீர் குடித்து முடித்த பிறகு தெரியவந்தது.

இதற்கும் மேல், எங்கள் கோட்டர்ஸுக்குக் கரண்டு தேயிலை ஸ்டோர், அதாவது தொழிற்சாலை, வழியாகத்தான் வரும். ஸ்டோரில் ரோலர் ஓடத் தொடங்கினால் டிவியில் படம் எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கிவிடும். ஆகவே ஸ்டோர் ஓயும் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே விளையாட்டு.

இவ்வளவையும் அவர் சிரித்துக்கொண்டே தாங்கினார். தாங்க முடியாமல் போனது வேறொன்று. இரண்டாவது திருகைப் பிடிக்க ஆள் வேண்டும். தோட்டத்தில் ஆளுக்கா பஞ்சம்? வந்தார்கள். அத்தனை பேரும் தோற்றார்கள்.

முதலில் பெரியசாமி கங்காணி. நாற்காலியில் உட்கார மறுத்துத் தரையில் சம்மணமிட்டு, திருகைத் திருநீறு வாங்குவதுபோல் இரு கையாலும் ஏந்திக்கொண்டார். பந்து போய்க்கொண்டே இருந்தது.

"ஏன்யா கங்காணி, பந்து ஒன் மூக்கு முன்னாலதான போச்சு?"

"பார்த்தேங்கையா. ஐயா அடிச்ச பந்து. அத எப்பிடிங்க மறிக்கிறது?"

"யோவ், இதுல ஐயாவும் கெடையாது, ஆட்டுக்குட்டியும் கெடையாது. நல்லா வெளையாடு. விட்டுக் குடுக்காத!"

"சரிங்கையா" என்று சொல்லிவிட்டு, கங்காணி இன்னும் பணிவாகத் தோற்றார்.

அடுத்து வந்த கணக்கப்பிள்ளை படித்தவன், விவரமானவன். அவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைசிவரை வந்து ஒரே ஒரு பந்தில் தோற்றான். "அட, என்னா போட்டி!" என்று கண்டாக்கு துள்ளிக் குதித்தார். இரண்டு ஞாயிறு அந்தச் சந்தோஷம் நீடித்தது. மூன்றாவது ஞாயிறு, அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"வாராவாரம் அதே ஒரு பந்து. நம்ம சொவருக் கடியாரம்கூட இம்புட்டு கரெக்டா ஓடாது."

கண்டாக்கு மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது, கணக்கப்பிள்ளையை அட்டைக்கடிக்குப் பேர்போன மலைக்கு அனுப்பினார். மனைவியையே விளையாட அழைத்தும் பார்த்தார். "ஒரு வீட்டுக்கு ஒரு பைத்தியம் போதுங்க" என்று முறம் உள்ளே போய்விட்டது.

அந்தச் சமயத்தில் தோட்டத்தின் பெரிய கண்டாக்கு ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு எங்கள் ஆள்தான் மூப்பு. சம்பள உயர்வோடு ரோட்டோரத்துப் பங்களாவும் கிடைக்கும். அங்கே வெயில் வரும் என்று கேள்வி. கண்டாக்கின் மனைவி அதன் ஜன்னல்களுக்குத் திரைச்சீலை அளவெடுத்து, பூப்போட்ட துணியே வாங்கிவிட்டார். துரையின் சிபாரிசு மட்டும் பாக்கி.

அந்தத் துரைதான் ஒரு ஞாயிறு காலை, "டக்குப் பெட்டி பார்க்கணும்" என்று வந்து இறங்கினார். கோட்டர்ஸே குலுங்கியது. கண்டாக்கின் மனைவி சமையலறை வாசலில் கணவரை மடக்கினார்.

"இந்தாங்க, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும். புரியுதா?"

"புரியுது, புரியுது."

துரை நாற்காலியில் சாய்ந்து திருகைக் கையில் எடுத்தார். சிங்களவர், ஆனால் தோட்டத் தமிழ் சரளமாக வரும். "கண்டாக்கு, நம்மளுக்காக விட்டுக் குடுக்க வேணாம். நல்லா வெளையாடணும், சரியா?" என்றார்.

துரைமார் இப்படிச் சொல்வது வழக்கம். அதற்கு என்ன பொருள் என்பது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. ஆனால் உத்தியோகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும். கண்டாக்குக்கு மட்டும் தெரியவில்லை. கங்காணியிடம் தொண்டை வற்ற அவர் கெஞ்சிய அதே வார்த்தைகளைத் துரை வாயால் கேட்டதும், அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். தன் இனத்தான் ஒருவனை இத்தனை நாள் கழித்துக் கண்டுகொண்ட முகம்.

டக். டக். துரையின் கோடு மேலே போனால் பந்து கீழே போனது. கீழே வந்தால் மேலே. ஜன்னலுக்கு வெளியே கூடியிருந்த கூட்டம், ஒவ்வொரு பந்துக்கும் ஒரு தலையாகக் கீழே குனிந்து மறைந்தது. நான் இருமினேன். கண்டாக்கின் மனைவி உள்ளே ஒரு பாத்திரத்தைப் போட்டார். பிறகு இன்னொன்று. கண்டாக்குக்கு எதுவும் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்தபோது துரையின் பக்கம் ஒரு முட்டை இருந்தது. வேறொன்றுமில்லை.

"படம் நல்ல தெளிவு" என்றார் துரை. தேநீர் பாதியில் இருக்க, தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மாதம் முடிவதற்குள், பெரிய கண்டாக்காக நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்து ரோட்டோரத்துப் பங்களாவில் குடியேறினார். அவருக்கு வரவேற்புக் கடிதம் டைப் செய்தவன் நான். அன்று மாலை ஆபீசில் கண்டாக்கு என் மேசை முன்னால் நின்றார்.

"ஒரே ஒரு பந்தாவது விட்டிருக்கலாமே, கண்டாக்கையா" என்றேன்.

"விட்டிருந்தா, அதத் தானே அடிச்சதா நெனச்சுக்கிட்டுப் போயிருப்பாரு. பாவம் இல்லீங்களா?"

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மனிதர் நிஜமாகவே துரைக்காக இரக்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

"வீட்டில் என்ன சொன்னார்கள்?"

"ரெண்டு நாளு பேசல. அப்புறம் தெரச்சீல துணியில டிவிக்கு ஒரு ஒற தைச்சிட்டா."

அடுத்த ஞாயிறு அவர் வீட்டுப் பக்கம் யாரும் தலைகாட்டவில்லை. துரையை ஜெயித்த பெட்டியோடு விளையாட யாருக்குத் தைரியம்? நான் போனேன். பூப்போட்ட உறையை அவர் பத்திரமாக மடித்து வைத்தார். நான் இரண்டாவது திருகை எடுத்துக்கொண்டேன். கிளாக்கர் பெரியவரா, கண்டாக்கு பெரியவரா என்பது தோட்ட நிர்வாகத்தில் எங்கும் எழுதப்படாத சங்கதி. ஆகவே யார் தோற்க வேண்டும் என்பதற்கும் விதி இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு பந்தையும் விடக் கூடாதென்று விளையாடினேன். அத்தனையும் தாமாகவே போயின. "அடடா, கிட்ட வந்துட்டீங்களே!" என்று பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர், "ரொம்ப மோசங்க, கிளாக்கரையா" என்றார், கண்ணில் நீர் வரச் சிரித்தபடி.

நான் ஓய்வு பெறும்வரை ஞாயிறுதோறும் அவரிடம் தோற்றேன். உத்தியோகத்தில் எத்தனையோ பேருக்கு மரியாதை செலுத்தியிருக்கிறேன், முறைப்படி. முறையே இல்லாமல், மனதாரச் செலுத்தியது அவர் ஒருவருக்குத்தான்.