நீரா, நாரா?

உலகத்தில் ஒரு காரியத்தைச் செய்கிறவர்கள் உண்டு, செய்யாதவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராத ஒரு மூன்றாவது ரகமும் உண்டு: ஒப்பிடுகிறவர்கள். செருப்பு வாங்கப் போனால் இடது காலுக்கு ஒரு கடை, வலது காலுக்கு ஒரு கடை என்று மாட்டிக்கொண்டு நடந்து பார்ப்பார்கள். ஊர் போய்ச் சேருவதா? அதற்கென்ன அவசரம்!

கனடாவில் எங்கள் சட்பரியில் என் பக்கத்து வீட்டு ரெய்னோ லாட்டி இந்த ரகம். நிக்கல் சுரங்கத்தில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மேவிஸுக்கு விரல் மூட்டுகளில் வாதம். வலியில் கோப்பையைப் பிடிக்க முடியாது, தூக்கம் கிடையாது. படுக்கும் முன் கொஞ்சம் கஞ்சா எடுத்துப் பாருங்கள் என்று டாக்டரே சொல்லிவிட்டார். வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. நட்டோம், வளர்த்தோம், வெட்டினோம் என்று முடிய வேண்டிய கதை.

முடிய விடுவாரா?

நிலவறையில் இரண்டு செடிகளைச் சத்துக் கலந்த தண்ணீர்த் தொட்டியில் வேர் தொங்க விட்டார். மற்ற இரண்டைத் தேங்காய் நார்த்தூளில் வைத்தார். நார்த்தூள் மூட்டையில் பொள்ளாச்சி என்று அச்சடித்திருந்ததைப் பார்த்ததிலிருந்து, அந்தத் தென்னந்தோப்பே என் பெயரில் இருப்பதுபோல் என்னை வேலியோரம் நிறுத்திக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். காலையில் உயரம், மத்தியானம் தண்ணீரின் புளிப்பு, சாயங்காலம் இலையின் அகலம் என்று அளந்து அளந்து இரண்டு பத்தியாக எழுதி, கோடு போட்டு, அந்தக் கோடு கோணலாக இருக்கிறதென்று மறுபடி எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேவிஸின் தம்பி கிளைட் வருவான். அவன் தண்ணீர்க் கட்சி.

"மச்சான், தண்ணியில வளர்றதப் பாரும்! உம்ம நாரு இன்னும் தூங்குது."

"பொறுடா. வேகமா வளர்ந்தா போதுமா? வேரு நிக்க வேணாமா?"

நவம்பர் கடைசியில், தூங்குவதாகச் சொன்ன நார்ச்செடிகள் இரண்டும் முந்திக்கொண்டு பூத்து முற்றிவிட்டன. மேவிஸ் கத்தரிக்கோலோடு இறங்கினாள்.

"ஏங்க, இது ரெண்டும் தயாராயிடுச்சே. வெட்டிக்கட்டுமா?"

"ஐயையோ, கைய வைக்காத! தண்ணிச் செடி இன்னும் ரெண்டு வாரம் கேக்குது. ரெண்டையும் ஒரே நாள்ல வெட்டுனாத்தான் நியாயம்."

"என் கைவலிக்கு நியாயம் தெரியாதுங்க."

அவர் காதில் விழவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் காலையில் பனிப்புயல் அடித்து மின்சாரம் போனது. அது திரும்பி வர ஒன்றரை நாள் ஆயிற்று. அதுவரை தொட்டிக்குக் காற்று ஊதும் இயந்திரம் நின்றுபோய், தண்ணீர்ச் செடிகள் இரண்டும் வெந்த கீரைபோல் தலை சாய்ந்தன. ரெய்னோவின் முகத்தில் துக்கமா? சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

"நாரு ஜெயிச்சுது!"

"அது மின்சாரத்தோட தோல்வி மச்சான். தண்ணியோட தோல்வி இல்ல," என்றான் பார்க்க வந்திருந்த கிளைட்.

மேவிஸ் டார்ச் விளக்கை எடுத்து நார்ச்செடியின் பூக்களுக்குள் அடித்துப் பார்த்தாள். வெட்டாமல் காத்திருந்த பூக்களின் உள்ளே சாம்பல் நிறத்தில் பூசணம் பிடித்திருந்தது. ஒன்றும் தேறாது. அவள் கோட்டை மாட்டிக்கொண்டு, பொத்தான் போட வராமல் என்னிடம் வந்து போட்டுவிடச் சொல்லி, மூன்றாவது தெருவிலிருந்த உரிமம் பெற்ற கடைக்கு நடந்தாள். சின்னப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் விடியும்வரை தூங்கினாள்.

ரெய்னோவுக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் கடை திறந்ததும் போன் செய்தார்.

"நேத்து என் வீட்டம்மா வாங்கினாங்களே, அது எதுலம்மா வளர்ந்தது? தண்ணியா, நாரா?"

"மண்ணுலங்க."

ரெய்னோ போனை வைத்துவிட்டு நோட்டை மூடி வைத்தார். மனம் திருந்திவிட்டார் என்று நான்கூட நினைத்தேன். பிறகு நோட்டை எடுத்து மூன்றாவது பத்திக்குக் கோடு போட்டார்.

பாவம் மேவிஸ் என்கிறீர்களா? நல்ல மனசு உங்களுக்கு. ஆனால், "அதெல்லாம் இருக்கட்டும், கடைசியில எதுதான் நல்லது?" என்ற கேள்வி இப்போது உங்கள் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?