இலியாஸ் கோயில் மணியை முதலில் அடித்தவள்

மெல்போர்னில் குடியிருக்கும் என் கூடப்பிறந்த அக்கா பெலகியாவுக்கு, கிரீட்டிலிருந்து உன் தங்கை அர்கிரோ மரியாதையோடு எழுதிக்கொள்வது. இங்கே என் இரண்டு முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே நீ, அத்தான், பிள்ளைகள், உன் இடுப்பு, எல்லாம் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நம் வீட்டில் ஒரே ஜோடி செருப்பு இருந்ததும், அதை நீ மாட்டிக்கொண்டு டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனதும், நான் நாலாம் வகுப்போடு வெறுங்காலாக வீட்டில் நின்றதும் உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. ஆனால் அதை எழுத இன்று உட்காரவில்லை. இன்று நான் ஜெயித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், அக்கா.

விஷயம் பேத்தியின் பெயர். என் மகள் ஃபொத்தினியின் மூன்றாவது குழந்தைக்குப் பதினெட்டு மாதம் ஆகிறது. நடக்கிறாள், கடிக்கிறாள், பூனையை வாலைப் பிடித்து இழுத்து வருகிறாள், ஆனால் இன்னும் ஞானஸ்நானம் ஆகாததால் பெயர் கிடையாது, வெறும் பாப்பா. முதல் பையனுக்கு மருமகன் மனூசோஸின் அப்பா பெயரை வைத்தார்கள், அது முறை, நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது பையனுக்கு என் வீட்டுக்காரர் பெயர் வரவேண்டும். அதை விட்டுவிட்டு, ஆட்டைத் துரத்திப் பாறையிலிருந்து விழுந்து செத்துப்போன யாரோ சித்தப்பா பெயரை வைத்தார்கள், செத்தவரோடு சண்டை எதற்கு என்று விழுங்கிக்கொண்டேன். மூன்றாவது பெண். நியாயம் என்று ஒன்று இருந்தால் அவள் அர்கிரோ. ஆனால் மனூசோஸின் அம்மா ரொதாந்தி என்ன சொல்கிறாள் தெரியுமா, பெண் பிள்ளைக்கு வரிசை புதிதாகத் தொடங்குகிறதாம், முதல் பெண் அப்பாவின் அம்மாவுக்காம். அக்கா, எனக்கு எழுபத்துநாலு வயது. நான் போன பிறகு யாராவது தெருவில் "அர்கிரோ" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒருத்தி வேண்டாமா?

ரொதாந்தியை உனக்குச் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த கல்யாணத்தில் பெண்ணைப் பெற்ற எனக்குச் சமையலறைக் கதவோரம் நாற்காலி போட்டு, ஆட்டுச்சாற்றில் வெந்த கல்யாணச் சோற்றில் அடிப்பிடித்த பாகத்தைப் பரிமாறியவள் அவள்தான். சமவெளியில் தக்காளி போடுகிறோம் என்பதால் அன்றிலிருந்து எனக்குத் தக்காளியம்மா என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று இந்த மலை ஊருக்கு வந்து சேர்ந்தேன். நேற்று மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கையில் அவள் ஆரம்பித்தாள்.

"சம்பந்தியம்மா, சமவெளிக்காரங்க முழங்கால் வெந்த சுரைக்காய் மாதிரி. மாடிப்படி ஏறவே நாலு தடவை உட்கார்றீங்க. உங்க பேரை வெச்சா என் பேத்திக்கும் அந்த முழங்கால்தானே வரும்?"

"வரட்டும் சம்பந்தியம்மா. உங்க பேரை வெச்சா உங்க நாக்கு வருமே, அதுக்கு மருந்து இருக்கா?"

மனூசோஸ் தன் தட்டில் இருந்த வறுத்த நத்தைகளை எண்ணிக்கொண்டிருந்தான். ரொதாந்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு இலியாஸ் தீர்க்கதரிசி திருநாள். மலை உச்சியில அவர் கோயில் இருக்கு. கோவேறு கழுதை கிடையாது, யார் கையையும் பிடிக்கக் கூடாது. யாரு முதல்ல போய் மணி அடிக்கிறாங்களோ, பாப்பாவுக்கு அவங்க பேரு. என்ன தக்காளியம்மா, வர்றீங்களா?"

சபையில் கேட்டுவிட்டாள். ஞானத்தாயாக நிற்கப்போகும் காலியோப்பியும் அங்கேதான் இருந்தாள், ஜெயித்தவர் பெயரையே கோயிலில் சொல்வதாகச் சிலுவைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். பிறகு நான் எப்படி வரமாட்டேன் என்பது?

அக்கா, இந்த மலையை நான் பிறந்ததிலிருந்து அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளும் ஏறியதில்லை. கீழேயிருந்து பார்த்தால் நீலமாக, மெத்தென்று, துவைத்துக் குவித்த போர்வை மாதிரித்தான் இருக்கும், கிட்டப் போனால்தான் அது முழுக்க முழுக்கக் கல், அந்தக் கல்லெல்லாம் முள், அந்த முள்ளுக்கு நடுவிலெல்லாம் ஆடு என்று தெரிகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ அனுப்பினாயே ரோஸ் நிறக் கேன்வாஸ் ஷூ, உன்மேல் கோபம் தீருகிறவரை போடுவதில்லை என்று பெட்டியோடு வைத்திருந்ததை, இன்று காலையில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ரொதாந்தி கறுப்புப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடன்காரனைப் பார்த்தவள் மாதிரி விறுவிறுவென்று ஏறி முதல் திருப்பத்திலேயே மறைந்துவிட்டாள், நான் இரண்டு கல் ஏறி ஒரு கல் சறுக்கி, சறுக்கிய இடத்தில் உட்கார, பின்னால் வந்த ஆடு என் வைக்கோல் தொப்பியை நாடாவோடு தின்றுவிட, அதைத் திட்டிக்கொண்டிருக்கையில் ஜெர்மன்காரப் புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கு இரண்டு கோலை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்தார்கள், இந்த வயதில் இரண்டு பேருக்குமே கால் ஊனமா என்று நெஞ்சு பதறி நான் சிலுவை போட, அந்தப் பெண் என்ன நினைத்தாளோ தன் கோலில் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ரொதாந்தி கையைத்தான் பிடிக்கக் கூடாது என்றாள், கோலைப் பிடிக்கக் கூடாது என்று சொல்லவில்லை.

முதல் கற்குடிலுக்கு வந்தால், ரொதாந்தி வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்! கையில் சாராயக் குப்பி, விளக்கெண்ணெய் குடித்த முகம். குடில் யாகுமிஸுடையது, அவள் சித்தி மகன். இந்த மலையில் ஆட்டுக்காரன் குடிலைக் குடிக்காமல் தாண்டினால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. யாகுமிஸ் என்னையும் பார்த்துவிட்டான்.

"பெரியம்மா, உள்ள வாங்க! சும்மா போனீங்கன்னா என் மீசையை வழிச்ச மாதிரி."

"தம்பி, மன்னிச்சுக்க," என்றேன். வாய் தானாகத் திறந்தது. "எனக்கு வேண்டுதல். தீர்க்கதரிசி மணியை அடிக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படக்கூடாது."

யாகுமிஸ் தொப்பியைக் கழற்றினான். "என்ன வேண்டுதல் பெரியம்மா?"

ரொதாந்திக்குக் கேட்காமல் அவன் காதோரம் வாயில் வந்ததை ஏதோ சொன்னேன், அது என்னவென்று இப்போது முக்கியமில்லை. அவன் கண் கலங்கிவிட்டது. அதோடு நான் போயிருக்கலாம். ஆனால் அந்த அடிப்பிடித்த சோறு நினைவுக்கு வந்தது.

"ஆனா தம்பி, உங்க அக்காவுக்கு வேண்டுதல் எதுவும் கிடையாது. இந்த வருஷம் யாகுமிஸ் போட்ட பாலாடைக்கட்டியில உப்பே இல்லைன்னு சொல்லிட்டிருந்தாங்க."

"சொன்னியா அக்கா?"

"நான் எப்படா சொன்னேன்! இந்தப் பொம்பளை..."

"இரு. எந்திரிக்காதே. மூணு கட்டி வெட்டறேன். மூணையும் தின்னு பாத்துட்டு அப்புறம் பேசு."

அடுத்த குடிலில் இருந்தவனுக்கும் அதே வேண்டுதலைச் சொல்லிவிட்டு, யாகுமிஸ் வீட்டுக் கட்டி மாதிரி இந்த மலையிலேயே கிடையாது என்று ரொதாந்தி மூன்று துண்டு தின்றதையும் சொன்னேன். அவன் கத்தியோடும் கட்டியோடும் பாதை நடுவில் போய் நின்றுகொண்டான். மூன்றாம் குடில்காரனுக்கு வேண்டுதலோடு இரண்டு பேர் கதையையும் சேர்த்துச் சொன்னேன்.

கடைசி ஏற்றத்தை நான் நடந்தேன் என்று சொன்னால் பொய். கையும் காலும் ஊன்றி, பாப்பா தவழ்கிற மாதிரி ஏறினேன். மேகம் வந்து மூடியது, ஷூ தெரியவில்லை, நான் உயிரோடு இருக்கிறேனா என்பதே தெரியவில்லை, பின்னால் எங்கேயோ ஏப்பத்துக்கு நடுவில் "தக்காளியம்மா! நில்லுங்க!" என்று ரொதாந்தியின் குரல் மட்டும் கேட்டது. நான் நிற்பேனா? சுண்ணாம்புச் சுவர் நெற்றியில் இடித்தது. தடவிப் பார்த்தேன், கயிறு. அக்கா, நம் அம்மா செத்த அன்றுகூட நம் ஊர் மணி அப்படி அழுத்தி அடித்திருக்காது! மூன்று தடவை அடித்தால் போதும், நான் முப்பது தடவை அடித்தேன். கீழே ஊரில் துப்பாக்கி வெடித்தது. என்னைத்தான் சுடுகிறார்கள் என்று படுத்துவிட்டேன், அப்புறம்தான் தெரிந்தது, ஜெயித்த சந்தோஷத்தில் எனக்காக வானத்தைப் பார்த்துச் சுடுகிறார்கள். எழுந்தபோது மேகம் விலகியிருந்தது. கீழே நம் சமவெளி முழுக்கத் தக்காளிக்குப் போட்ட பிளாஸ்டிக் பந்தல்கள் வெயிலில் இன்னொரு கடல் மாதிரி மின்னின. இவ்வளவு நாளும் அவள் இதை மேலேயிருந்து பார்த்துக்கொண்டுதான் கேலி செய்தாளா!

ரொதாந்தி வந்து சேர்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தண்ணி இருக்கா, அர்கிரோ?" என்றாள்.

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் பெயர் அவள் வாயில் வந்தது. கொடுத்தேன். கொடுத்ததைச் சொல்லிக்காட்டவும் போகிறேன், அது வேறு.

ஆகவே அக்கா, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்தத் தீவில் இன்னொரு அர்கிரோ இருப்பாள். உங்கள் கோயிலுக்கு வருகிற நம் ஊர்க்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல். அந்த ரோஸ் ஷூவை உத்தேசித்து, பழைய செருப்பு விஷயத்தில் உன்னை இன்றோடு மன்னித்துவிட்டேன். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். தீர்க்கதரிசி உங்கள் எல்லோர் முழங்காலையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள, ஜெயித்த தங்கை
அர்கிரோ

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. யாகுமிஸும் மற்ற இரண்டு ஆட்டுக்காரர்களும் குளித்து, மீசையை முறுக்கி, வெள்ளைச் சட்டையோடு கோயிலில் முன்வரிசையில் வந்து நின்றார்கள். காலியோப்பி பெயரைச் சொல்ல வாயைத் திறந்ததும் யாகுமிஸ், "சாமி, நிறுத்துங்க! மணியை அடிச்சா பாப்பாவுக்குத் தீர்க்கதரிசி பேரையே வைக்கிறேன்னு பெரியம்மா வேண்டியிருக்காங்க. நாங்க மூணு பேரும் சாட்சி!" என்று கத்தினான். சாமியார் என்னைப் பார்த்தார். படத்துக்குள் இருந்து தீர்க்கதரிசியும் பார்த்தார். சாராயத்துக்குத் தப்பிக்கச் சொன்ன பொய் என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? ரொதாந்தி தலைமுக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். இலியாஸ் பெயர் பெண்ணுக்கு வந்தால் இலியானா, குழந்தைக்கு அதுதான் பெயர். போகட்டும், ரொதாந்தி இல்லையே. ஆனால் உன்னை மன்னித்தது செல்லாது, அக்கா. அந்த ஷூ மட்டும் இல்லாவிட்டால் நான் முதல் குடில்வரைகூடப் போயிருக்கமாட்டேன்.