சங்கு அக்காவின் ஜெபக்குறிப்பு நோட்டு

அன்று காலேஜ் பிரின்சிபால் அறையில் இருந்தவர்கள்: பிரின்சிபால், கமர்ஸ் டிபார்ட்மென்ட் ஹெட், கதவோரம் பியூன், என் மகள் ஷீபா, நான். ஆறாவதாக ஒருவர், யாரும் கூப்பிடாமல் வந்து, யாரும் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சங்கு அக்கா.

கோலார் தங்கவயலில் ஒருவருக்குத் தும்மல் வந்தால், அவர் மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே சங்கு அக்காவுக்குத் தெரிந்துவிடும். மைன்ஸ் ஓடிய காலத்தில் ஷிஃப்டுக்கு ஊதும் சங்கு ஊர் முழுக்கக் கேட்கும். மைன்ஸை மூடினார்கள், சங்கும் நின்றது. அந்த வேலையை அக்கா எடுத்துக்கொண்டார். சம்பளம் கிடையாது, லீவும் போட்டதில்லை.

ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் சர்ச்சில் ஞாயிறு ஆராதனையின்போது ஜெபக்குறிப்பு சொல்லும் நேரம் ஒன்று உண்டு. மற்றவர்கள் எழுந்து, "சுகமில்லாத ஒரு சகோதரிக்காக" என்று நாசூக்காகச் சொல்லிவிட்டு உட்காருவார்கள். அக்காவுக்கு நாசூக்கு ஆகாது. நீல அட்டை நோட்டைப் பிரித்து, பெயர், வீடு, வியாதி, அது உடம்பில் எந்த இடம் என்பது வரை வாசிப்பார். குணமாகி, காணிக்கையும் போட்டுவிட்டால் அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் கோடு இழுப்பார். கோடு விழாத பெயர்களைத் தினமும் விடியற்காலையில் முட்டி போட்டு ஒவ்வொன்றாகச் சொல்வார்.

ஷீபா பி.காம் படிக்கையில் அவளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. எங்கள் பக்கத்தில் காமாலைக்கு யாரும் டாக்டரிடம் ஓடுவதில்லை. பச்சிலை அரைத்துக் கொடுக்கும் நாட்டு வைத்தியர்தான். மூன்று நாள் வெறும் வயிற்றில் மருந்து, பிறகு உப்பில்லாப் பத்தியம். பதினெட்டு நாள் காலேஜ் போகவில்லை. நான் சும்மாவே கவலைப்படுகிறவள். ராத்திரியில் எத்தனை தடவை அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன் என்பதை வெளியில் சொல்ல வெட்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எழுந்தார். "எலிசா மகள் ஷீபா. கண்ணு மஞ்சள். நகம் மஞ்சள். மூத்திரமும் நல்ல மஞ்சள்."

கொயர் பையன்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கீபோர்டு வாசிக்கிறவன் ஷீபாவுக்கு, "இப்போ இன்னா கலர்?" என்று மெசேஜ் அனுப்பினான். அவள் அழுதாள். நான் அக்கா வீட்டுக்கே போய்விட்டேன்.

"இன்னாக்கா இது? எங்க வீட்டு மூத்திரத்த எதுக்கு சர்ச்சுல சொன்னீங்க?"

"டீடெய்லா சொல்லலன்னா எப்படிம்மா ஜெபம் பண்றது?"

"ஆண்டவருக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். சபைக்குத் தெரியணுமில்ல?"

இந்த வாயோடு யார் மல்லுக்கட்டுவது? அடுத்த ஞாயிறு இன்னும் மோசம். "ஷீபா ரொம்ப மோசமா கிடக்கிறா. கர்த்தர் கையிலதான் இருக்கு" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். அவளை வீட்டில் நல்லபடியாக விட்டுவிட்டு வந்தவள் நான்தான். இருந்தும் பாதி ஜெபத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். அவள் கட்டிலில் சப்பணமிட்டு மோர் சாதம் தின்றுகொண்டிருந்தாள்.

அன்றோடு அக்காவிடம் பேச்சை நிறுத்தினேன்.

பரீட்சை வந்தது. ஷீபாவுக்கு அட்டெண்டன்ஸ் போதவில்லை, ஹால் டிக்கெட் கிடையாது என்றார்கள். ஒரு வருஷம் வீணாகும். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். எட்டாவதோடு நின்ற நான் அந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைந்தேன்.

ஹெட் நின்றபடியே விரட்டினார். "மெடிக்கல் சர்டிபிகேட் எங்கம்மா?"

"நாட்டு மருந்து சார். அவரு சீட்டு எல்லாம் தர மாட்டாரு."

"அப்போ ஒண்ணும் பண்ண முடியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷீபாவின் வகுப்புப் பையன் ஒருவன் மைசூர் டூர் போய்விட்டு வந்து, இருநூறு ரூபாய்க்கு டைஃபாய்டு என்று எழுதி வாங்கிக் கொடுத்தான். அவனுக்கு ஹால் டிக்கெட் உண்டு. காசு கொடுத்து வாங்கிய காய்ச்சலுக்கு மரியாதை, தானாக வந்த காமாலைக்கு இல்லை!

"இவளுக்குக் காமாலை வந்துச்சுன்னு யாரும்மா சொல்றது?" என்றார் ஹெட்.

"நான் சொல்றேன் சார்," என்று அப்போதுதான் அக்கா உள்ளே வந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்து, விரலை நாக்கில் தொட்டு நோட்டைப் புரட்டினார். "முதல் நாள், கண்ணு மஞ்சள். மூணாம் நாள் வாந்தி, நாலு வாட்டி. நாலாவது வாட்டி பச்சையா."

ஷீபா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஐயோ, பெரியம்மா, போதும்!"

"இரும்மா. காலேஜுக்கு டீடெய்ல் வேணுமாமில்ல?"

"இதெல்லாம் ஆதாரமா?" என்று ஹெட் சிரித்தார். "வீட்ல உக்காந்து இன்னா வேணா எழுதிக்கலாம்."

அக்காவின் முகம் சிவந்தது. "நான் பொய் எழுத மாட்டேன் சார். அதே வாரம், ஏழாவது குறிப்பு பாருங்க. கமர்ஸ் சாருக்கு மூலம். உக்கார முடியல. மூணு நாளா குப்புறப் படுத்திருக்காரு. எங்க சபைல இருக்கிற உங்க மாமியார்தான் குறிப்பு குடுத்தாங்க."

பியூன் இருமுவதுபோல் வெளியே ஓடினான். பிரின்சிபாலுக்குத் தமிழ் நன்றாக வரும். சிரிப்பை அடக்கும்போது மட்டும் கன்னடம் வந்துவிடும். லீவு ஃபைலை எடுத்து மெதுவாகப் புரட்டினார்.

"ஏனு சார் இது? அந்த மூணு நாளைக்கு வைரல் ஃபீவர்னு சர்டிபிகேட் குடுத்திருக்கீங்களே?"

ஹெட் ஜன்னலுக்கு வெளியே இருந்த மரத்தைப் பார்த்தார்.

பிரின்சிபால் நோட்டை வாங்கி, ஷீபாவின் பதினெட்டு நாளையும் வருகைப் பதிவோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். ஒரு நாள்கூடப் பிசகவில்லை. ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார். "எலிசா, ஹால் டிக்கெட் கிடைச்சா நீ ஐந்நூத்தியொண்ணு காணிக்கை போடுவேன்னு பொருத்தனை பண்ணிட்டேன்."

"என்னைக் கேக்காமலா?"

"நீதான் பேச மாட்டேன்னுட்டியே."

நன்றி சொல்லவில்லை. வீடு வரைக்கும் சண்டைதான்.

மூன்று வருஷம் ஆகிறது. ஷீபா இப்போது தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறாள். ரயில் பத்து நிமிஷம் லேட்டானால் நான் ஸ்டேஷனுக்கே போய் நின்றுவிடுகிறேன். அக்கா ஞாயிறு தவறாமல் சர்ச் வாசலில் எல்லோர் முன்னாலும் என்னை நிறுத்துகிறார். "இன்னா எலிசா, ஆண்டவருக்கே கடன் சொல்றியா?"

"அடுத்த மாசம்க்கா."

பணம் இல்லாமல் இல்லை. பைபிளுக்குள் தனியாக மடித்து வைத்திருக்கிறேன். கொடுத்தால் அன்றே சிவப்புக் கோடு போட்டுவிடுவார். அப்புறம் விடியற்காலையில் என் மகள் பெயரை யார் சொல்வார்கள்?

ஆகவே இன்றுவரை பாக்கி: ரூபாய் ஐந்நூற்று ஒன்று.